உளி நின்ற இடங்கள்: குடைவரைக் கோயில்களை எப்படிப் பார்ப்பது?

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் எந்நேரமும் கூட்டம்தான். யானைகளோடு ஒரு படம், தவம் செய்யும் பூனையோடு ஒரு படம், அப்புறம் பக்கத்தில் உள்ள வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல ஒரு படம். எடுத்து முடித்ததும் அடுத்த பேருந்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். தபசுப் பாறையைப் பார்த்தபடி நின்றால் இடப்பக்கம் சில அடி தூரத்திலேயே ஒரு குடைவரை இருக்கிறது. பஞ்சபாண்டவர் மண்டபம் என்று பெயர். முகப்பில் சிங்கங்கள் அடியில் உட்கார்ந்து தாங்கும் தூண்கள் நிற்கின்றன. ஆசையாக உள்ளே நுழைபவர்கள் கரடுமுரடான சுவரைப் பார்த்து, "வேலை முடியல போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

வேலை முடியவில்லைதான். ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. முடிந்துபோன சிற்பம் தன்னை எப்படிச் செய்தார்கள் என்பதை மறைத்துவிடும். நன்றாகச் சமைத்த சாப்பாட்டில் அரிவாள்மணை தெரியாது, அதுபோல. பாதியில் நின்ற பாறைதான் அடுப்படியைத் திறந்து காட்டுகிறது.

அந்த மண்டபத்தில் நடுவே ஒரு பெரிய பாறைத்துண்டை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் நடந்துவர வழி குடையத் தொடங்கியிருக்கிறார்கள். நடுவில் இருப்பது கருவறை ஆக வேண்டியது. சுற்றுவழி பாதியிலேயே நின்றுவிட்டது. இதைப் போல மாமல்லபுரத்தில் முடியாமல் கிடக்கும் பாறைகள் பலவற்றில் கட்டம் கட்டமாகத் தடங்கள் இருக்கும். தட்டில் கொட்டிய மைசூர்பாகு ஆறுவதற்குள் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுவோமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். பாறை முகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, கோடுகளின் மேல் உளியால் பள்ளம் பறிக்கிறார்கள். பள்ளங்களுக்கு நடுவே சதுரங்கள் மேடாக நிற்கும். பிறகு ஒவ்வொரு மேட்டையும் அடியிலிருந்து தட்டிப் பெயர்க்கிறார்கள். ஒரு அடுக்கு போனதும் அடுத்த அடுக்குக்கு மறுபடி கோடு. இப்படியே உள்ளே போகிறார்கள்.

ஏன் இவ்வளவு சுற்றுவழி? கருங்கல் சொன்ன இடத்தில் உடையாது. முழுப் பாறையில் நேராக ஓங்கி அடித்தால் கை வலிக்கும், கொஞ்சம் பொடி உதிரும். நான்கு பக்கமும் பள்ளம் பறித்துத் தனித்து நிற்கும் மேடு என்றால் அடி போகும் திசையில் பெயர்ந்து வரும். கூடவே அளவும் கையில் இருக்கும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறோம், சுவர் கோணவில்லையா என்று கட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆளுக்கொரு கட்டமாகப் பிரித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் வேலை செய்யலாம்.

இந்தக் கல்லில் உளி முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்து, கூராக்கித் தர ஒரு கொல்லன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊரார் சொல்லும் பாறைப் பகுதியில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இங்கே வேலை செய்த கல்தச்சர்களின் பெயர்கள் அவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று போகும் அந்த வரிசையில் கொல்லன் சேமகன் என்றும் ஒருவர். அரசர்களின் பட்டப்பெயர்கள் நூற்றுக்கணக்கில் வெட்டப்பட்ட பல்லவ நாட்டில், உளி தீட்டியவன் பெயரும் கல்லில் ஏறியிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன் பாறையைக் குடைய வேண்டும்? செங்கல்லை அடுக்கிக் கோயில் கட்டிவிட்டுப் போகலாமே?

இந்தக் கேள்வியோடு மண்டகப்பட்டுக்குப் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் உள்ள சின்ன ஊர். வயல்களுக்கு நடுவே ஒரு பாறைக்குன்று, அதன் ஒரு முகத்தில் ஒரு குடைவரை. நடுவில் இரண்டு கனத்த தூண்கள், இரு ஓரங்களிலும் மாடங்களில் கதையை ஊன்றி நிற்கும் வாயிற்காவலர்கள். பின்சுவரில் மூன்று கருவறைகள், மூன்றும் காலி. பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அங்கே கிரந்த எழுத்தில் ஒரு சிறிய சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. அதன் பொருள் ஏறத்தாழ இது: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரம்மன், ஈசுவரன், விஷ்ணு ஆகியோருக்காக விசித்திரசித்தன் என்னும் அரசன் செய்வித்த ஆலயம்.

விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டங்களில் ஒன்று. காலம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கல்வெட்டில் என்னைக் கவர்ந்தது, எதனால் செய்தோம் என்று அரசன் சொல்லவே இல்லை என்பதுதான். 'கல்' என்ற சொல் அதில் கிடையாது. எதெல்லாம் இல்லை என்பதுதான் பட்டியல். புதிதாக மின்சார வண்டி வாங்கியவர் "பெட்ரோல் வேண்டாம், எஞ்சின் ஆயில் வேண்டாம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவது போல ஒரு பெருமை. அந்த 'இல்லை'களைத் திருப்பிப் போட்டால் அதுவரை கோயில்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பது கிடைத்துவிடும்: செங்கல் சுவர், மரத் தூணும் உத்திரமும், இரும்பு ஆணி, செப்புத் தகடு போன்ற உலோக வேலை, மேலே சுண்ணாம்புச் சுதை.

அப்படிப்பட்ட ஒரு கோயிலின் அடித்தளம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்டது. 2004 சுனாமி மணலை அள்ளிக்கொண்டு போனதில் ஒரு பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு முருகன் கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். அதே ஊரில் உள்ள புலிக்குகையைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

அதுவரை கோயில் கட்டக் கல்லைத் தொடாததற்கு ஒரு காரணமும் சொல்கிறார்கள். தமிழ் நிலத்தில் கல் என்பது செத்தவர்களுக்கு உரியது. பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் கல், போரில் விழுந்த வீரனுக்கு நடுகல். இருப்பவர்கள் வீட்டுக்கும் தெய்வத்தின் வீட்டுக்கும் மண்ணும் மரமும். இதை உறுதியாக நிரூபிப்பது கடினம் என்றாலும், மகேந்திரனின் 'இல்லை'ப் பட்டியலில் இருக்கும் துணிச்சல் இதை வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரிகிறது. மண்டகப்பட்டுதான் தமிழகத்தின் முதல் குடைவரை என்று பாடப்புத்தகம் சொல்லும். பாண்டிய நாட்டில் பிள்ளையார்பட்டியில் அதற்கு முன்பே குடைந்துவிட்டார்கள் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பந்தயத்தில் பெரிய ஆர்வம் இல்லை.

மகேந்திரன் முழுக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் இல்லை. தக்காணத்தில் பௌத்தர்கள் பல நூற்றாண்டுகளாகக் குடைந்துகொண்டிருந்தார்கள். அவனுடைய பகைவர்களான சாளுக்கியர்களின் பாதாமியில், மூன்றாம் குடைவரையில் 578ஆம் ஆண்டைச் சேர்ந்த மங்களேசனின் கல்வெட்டு இருக்கிறது. அங்கே விதானம் வரைக்கும் சிற்பம் பொங்கி வழியும். பாதாமி மணற்கல், உளி சொன்னபடி கேட்கும். மகேந்திரன் கை வைத்தது தொண்டை நாட்டின் கருங்கல். மண்டகப்பட்டின் வெற்றுச் சுவர்களைப் பார்த்து "அவ்வளவுதானா" என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. வெற்றாக இருக்கும் கருவறைச் சுவர்களில் தெய்வத்தைச் சுதையிலோ வண்ணத்திலோ தீட்டியிருக்கலாம் என்பதும் ஒரு கருத்து.

மகேந்திரன் குடைவரைகளின் தூண்களைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுவிடலாம். அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம். நடுவில் உள்ள பட்டைப் பகுதிக்குக் கட்டு என்று பெயர். அகலம் ஏறத்தாழ இரண்டடி இருக்கும், ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. இவ்வளவு கனம் தேவையே இல்லை. மேலே இருக்கும் பாறை தூணை நம்பி நிற்கவில்லை, அது மலையின் ஒரு பகுதி. ஆனாலும் மனித மனது தூண் இல்லாத கூரைக்குக் கீழே நிம்மதியாக நிற்காது போலிருக்கிறது.

குடைவரையில் தூணை யாரும் நிறுத்துவதில்லை, விட்டுவைக்கிறார்கள். சுற்றியிருக்கும் பாறையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தூண். வாயிற்காவலரும் அப்படி விடப்பட்டவர்தான், சாமியும் அப்படித்தான். கட்டுமானக் கோயிலில் ஒரு கல் பிளந்தால் அதைத் தள்ளிவிட்டு வேறொரு கல் கொண்டுவரலாம். இங்கே காவலரின் மூக்கு போனால் போனதுதான். அதனால் எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்கக்கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். உள்ளே வரப்போகும் சிங்கத்தின் பிடரிமயிருக்கு எவ்வளவு கல் விட வேண்டும் என்பது கட்டம் போடும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இதன் அடுத்த கட்டம் ஒற்றைக்கல் கோயில்கள். மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றில் நான்கு ஒரே வரிசையில் இருக்கின்றன. தெற்கே உயரமாக இருந்து வடக்கே சரியும் ஒரே பாறை அது என்று நினைத்துக்கொண்டு தள்ளி நின்று பாருங்கள். தெற்கில் தருமராச ரதம் உயர்ந்து நிற்க, பீம ரதம், அர்ச்சுன ரதம், கடைசியில் குட்டியாகத் திரௌபதி ரதம் என்று உயரம் இறங்கிக்கொண்டே வரும். பாறை எவ்வளவு இடம் கொடுத்ததோ அவ்வளவு கோயில். ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் தொடர்பில்லை, பெயர்கள் பின்னால் வந்தவர்கள் வைத்தவை. தருமராச ரதத்தின் மேல்தளத்தில் அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம் என்று அதன் சொந்தப் பெயரே வெட்டப்பட்டிருக்கிறது. அந்த அத்யந்தகாமன் யார் என்பதில்தான் பெரிய சண்டை. மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் என்பது பழைய வழக்கு. இல்லை, மாமல்லபுரம் முழுக்கவும் அவனுக்குப் பின்னால் வந்த பல்லவ அரசன் இராசசிம்மன் செய்தது என்று 1962இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி எழுதினார். விவாதம் இன்னும் ஓயவில்லை.

ரதங்களின் அடிப்பகுதியைப் பார்ப்பவர்கள் குறைவு. பீம ரதத்திலும் தருமராச ரதத்திலும் மேலே எல்லாம் நகாசு வேலை முடிந்து பளிச்சென்று இருக்கும், கீழே வரவரப் பாறை முரடாகவே நிற்கும். மேலிருந்து கீழே வந்திருக்கிறார்கள். வீடு கட்டுவது போல அடித்தளத்தில் தொடங்கினால் மேலே ஏறச் சாரம் வேண்டும். மேலே தொடங்கினால் செதுக்காத பாறையே சாரம், அதன் மேல் நின்றுகொண்டே வேலை செய்யலாம். மேலிருந்து விழும் சில்லுகள் முடிந்துபோன வேலையின் மேல் விழாது. கலசத்தில் தொடங்கி வாசற்படியில் முடியும் கட்டடக்கலை.

இது இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால் ஊருக்கு மேற்கே தள்ளி இருக்கும் பிடாரி ரதங்களுக்கும் வலையன்குட்டை ரதத்துக்கும் போக வேண்டும். கூட்டம் இல்லை. மேல்தளங்கள் கூடம், சாலை எனப்படும் குட்டிக் கோயில் வடிவங்களோடு உருப்பெற்று நிற்க, கீழே வெறும் பாறை. தலை மட்டும் மண்ணிலிருந்து வெளியே வந்த குழந்தை போல இருக்கும்.

முடிந்த இடங்களில் வேறொன்றைத் தேடலாம்: மரத்தின் நினைவு. கல்லுக்குக் கொடுங்கை என்னும் வளைந்த கூரை விளிம்பு தேவையில்லை, விட்டத்தின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. ஆனால் ரதங்களில் இதெல்லாம் இருக்கின்றன. கூரை ஓரத்தில் குதிரை லாட வடிவில் வரும் கூடுகள், பழைய கட்டடங்களில் வளைந்த மரச்சட்டங்களால் ஆன சாளரம். திரௌபதி ரதம் அப்படியே ஒரு குடிசை, கூரை ஓலை வேய்ந்தது போல வளைந்து இறங்குகிறது. செங்கல்லும் மரமும் இல்லாமல் செய்தேன் என்று மகேந்திரன் சொன்னான். அவனுக்குப் பின்னால் வந்த தச்சர்கள் அந்த மரத்தையே கல்லில் திரும்பச் செய்துவிட்டார்கள்.

நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் அரைவட்டமாக இருக்கும். இந்த அமைப்புக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர், படுத்துத் தூங்கும் யானையின் பின்பக்கம் போல இருப்பதால். அதன் பக்கத்திலேயே தனிப் பாறையில் ஒரு முழு யானையைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். யானையின் பின்பக்கத்தையும் கோயிலின் பின்பக்கத்தையும் ஒரே பார்வையில் வைத்துப் பாருங்கள். செதுக்கியவன் சிரித்துக்கொண்டேதான் செய்திருக்க வேண்டும்.

சிற்பங்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மனதில் நிற்காது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று போதும் என்பது என் கணக்கு.

கலங்கரை விளக்கக் குன்றில் உள்ள மகிஷாசுரமர்த்தினி குடைவரையில் வடக்குச் சுவரில் துர்க்கையின் போர், எதிரே தெற்குச் சுவரில் பள்ளிகொண்ட திருமால். துர்க்கைக்கு எட்டுக் கைகள். சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை இழுத்திருக்கிறாள். சுற்றிலும் குட்டையான பூதகணங்கள் முன்னேறுகின்றன. எதிரே மனித உடலும் எருமைத் தலையுமாக மகிஷன். மற்ற இடங்களில் வெட்டுண்ட எருமைத் தலையின் மேல் அவள் நிற்பாள், கதை முடிந்திருக்கும். இங்கே இன்னும் முடியவில்லை. மகிஷனின் கால்களைப் பாருங்கள். இரு கைகளாலும் கதையைப் பிடித்திருக்கிறான், முகத்தில் திமிர் குறையவில்லை, ஆனால் உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது. ஒரு கணம் தள்ளி அவன் திரும்பி ஓடுவான் என்பது இடுப்பின் சாய்விலேயே தெரிகிறது. அவள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் முன்னால் சாய்கிறார்கள், அவன் பக்கத்தார் எல்லாரும் பின்னால் சரிகிறார்கள். அப்படியே திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தால் திருமால் நீண்டு படுத்திருக்கிறார். காலடியில் மது, கைடபன் என்ற அசுரர் இருவர் கதையோடு துடிக்கிறார்கள். அவருக்கு அது எட்டவே இல்லை. இரண்டையும் ஒரே அறையில் எதிரெதிரே வைத்தவருக்கு நாடகம் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று, திரௌபதி ரதத்தின் கருவறைச் சுவர். தாமரை மேல் கொற்றவை நிற்கிறாள். காலடியில் இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் பூசை செய்கிறான் என்று நினைத்துக் கடந்துவிடலாம், ஆனால் அவன் ஒரு கையால் தன் முடியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் உள்ள வாளைத் தன் கழுத்தில் வைத்திருக்கிறான். தெய்வத்துக்குத் தன் தலையையே கொடுக்கும் அரிகண்டம், நவகண்டம் என்று பின்னாளில் பெயர் பெற்ற பலி. இதே காட்சி வராக மண்டபத்திலும் உண்டு. குடிசை போன்ற அந்தச் சின்னக் கோயிலுக்குள் இப்படி ஒரு காட்சி இருப்பது, வாசலில் வரிசையில் நின்று படம் எடுப்பவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

மூன்றாவது, திருச்சி மலைக்கோட்டை. உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறும்போது, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒதுங்கினாற்போல மகேந்திரனின் லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் இருக்கிறது. நானூறு படிகளுக்கு மேல் ஏறும் மூச்சிரைப்பில் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மகேந்திரனின் குடைவரைகளில் இவ்வளவு பெரிய சிற்பத் தொகுதி வேறெதிலும் கிடையாது. சிவன் நிற்கிறார், தூக்கிய வலது காலை ஒரு பூதகணம் தலையாலும் கையாலும் தாங்குகிறது. வலப்பக்கம் உயர்த்திய கையில் ஒரு சடைக்கற்றை, அதை நோக்கிக் கைகூப்பியபடி கங்கை சின்னஞ்சிறு பெண்ணாக இறங்கி வருகிறாள்.

சிற்பத்தின் இருபக்கத் தூண்களிலும் மகேந்திரனின் சமஸ்கிருதச் சுலோகங்கள். அதில் ஒன்றின் கருத்து: சிவனுக்கு நதிகள் மேல் பிரியம் அதிகம். சோலைகளை மாலையாக அணிந்த காவிரியைக் கண்டால் அவள் மேலும் ஆசைப்பட்டுவிடுவார் என்று பயந்த மலைமகள், பிறந்த வீட்டை விட்டுவிட்டு இந்த மலையிலேயே வந்து தங்கிவிட்டாள், 'இந்த நதி பல்லவனுடைய காதலி' என்று சொல்லிக்கொண்டு. சுலோகத்தைத் தெரிந்துகொண்டு சிற்பத்தைப் பார்த்தால்தான் நகைச்சுவை விளங்கும். கண்ணெதிரே அவர் ஒரு நதியைத் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். வெளியே வந்து எட்டிப் பார்த்தால் அடுத்த நதி ஓடுகிறது. பார்வதியின் கவலை நியாயமானதுதான். நாடகம் எழுதிய அரசன் என்பது சும்மா இல்லை.

வாயிற்காவலர்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பல்லவர் காலச் சிவன் குடைவரைகளில் சில இடங்களில் ஒரு காவலருக்குத் தலையில் இரண்டு கொம்புகள் இருக்கும். காட்டுவாசி, நந்தி என்றெல்லாம் பல விளக்கங்கள் சொல்வார்கள். எனக்குப் பிடித்த விளக்கம் வேறு. அவர் திரிசூலத்தின் மனித வடிவம், கொம்புகள் சூலத்தின் இரு ஓர முனைகள், மகுடம் நடு முனை. அப்படியானால் எதிரே நிற்பவர்? அவர் மகுடத்தின் முன்பக்கத்தை உற்றுப் பாருங்கள், சில இடங்களில் கோடாலியின் வாய் போல ஒரு விளிம்பு தெரியும். அவர் மழு. சிவனின் ஆயுதங்களே ஆட்களாக மாறி வாசலில் காவல்.

இக்குடைவரைகள் எல்லாம் ஒரே மாதிரி வாழவில்லை. மண்டகப்பட்டு, பூசை இல்லாத பாதுகாக்கப்பட்ட சின்னம். மகேந்திரவாடியில் தனியாகக் கிடந்த ஒரு பாறையைக் குடைந்து மகேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயரிட்டு, ஊருக்கும் ஏரிக்கும்கூட அரசன் தன் பெயரையே வைத்தான். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லத்தில் குடைந்தது அரசன் இல்லை, அவனுக்கு அடங்கிய ஒரு சிற்றரசன் மகன். 'கந்தசேனன் செயிவித்த தேவகுலம்' என்று கல்வெட்டு தமிழிலேயே பேசுகிறது. அங்கே இன்றும் பூசை நடக்கிறது. சீயமங்கலத்தில் குடைவரைக்கு முன்னால் பிற்காலத்தார் மண்டபங்கள் கட்டிச் சேர்த்ததில் பழைய கோயில் உள்ளே போய்விட்டது. தூண் ஒன்றில் ஆடும் சிவனின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று இருக்கிறது, தேடித்தான் பார்க்க வேண்டும். சென்னைப் பல்லாவரத்தில் மகேந்திரனின் பட்டப்பெயர்கள் நிறைந்த குடைவரை இன்று ஒரு தர்கா. குடைந்தவர் நினைத்தது ஒன்று, ஊர் எடுத்துக்கொண்டது ஒன்று. எங்கே வழிபாடு நடந்தாலும் செருப்பை வெளியே விட்டு, படம் எடுக்கும் முன் கேட்டுவிடுவது மரியாதை.

போகும் நேரம் முக்கியம். சிற்பத்தைக் காட்டுவது வெளிச்சம், அதுவும் சாய்வாக விழும் வெளிச்சம். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது, காலையில் போனால் நாகங்களின் உடல் மடிப்புகூடத் தெரியும். மதியத்துக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும். அதே பாறையில் இடப்பக்க அடிப்பகுதி செதுக்கப்படாமல் இருப்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். குடைவரைக்குள் நேராக ஃப்ளாஷ் அடித்தால் சாமி மாவு பூசியது போல வரும். கொஞ்ச நேரம் உள்ளே சும்மா நின்றால் கண் இருட்டுக்குப் பழகி, சுவர் தானாக முன்னால் வரும். சித்திரை, வைகாசியில் வெறுங்காலோடு பாறை ஏறுவது வீரத்தில் சேராது. உள்நாட்டுக் குடைவரைகளில் கம்பிக்கதவு பூட்டியிருக்கலாம், காவலர் பக்கத்து ஊரில் இருப்பார், சாவி வர அரைமணி ஆகும். அந்த அரைமணியில் பாறையைச் சுற்றி வாருங்கள். பின்பக்கத்தில் குழிகள் வரிசையாக இருந்தால், "காய்ந்த மரத்தை அடித்துத் தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்கள்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஆப்புக் குழிகள் பாறையைத் துண்டு போடும் வேலைக்கு உரியவை, எக்காலத்துக் கல்லுடைப்பாகவும் இருக்கலாம். அப்படிப் பிளந்து ஒரு கருவறையைக் குடைய முடியாது.

கடைசியாக ஓர் இடம், தெற்கே. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலை. கீழே முருகன் கோயில், அதுவும் மலையைக் குடைந்ததுதான். மேலே பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். அதே மலையில்தான் வெட்டுவான் கோயில். பாண்டியர் வேலை, 8ஆம் நூற்றாண்டு. எல்லோராவில் இராட்டிரகூட அரசன் முதலாம் கிருஷ்ணன் கயிலாசநாதர் கோயிலை மலையிலிருந்து வெட்டி எடுத்த அதே நூற்றாண்டு. முறையும் அதே. மலைச்சரிவில் மூன்று பக்கமும் பள்ளம் பறித்து, நடுவில் விட்ட பாறையை மேலிருந்து கோயிலாக்குவது. எல்லோராவுக்கு முன்னால் இது கைக்குழந்தை. ஆனால் சிகரத்தில் இருக்கும் வேலைப்பாடு எதற்கும் குறைந்ததில்லை. விமானத்தில் உட்கார்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். தலையை லேசாகச் சாய்த்துத் தாளத்திலேயே இருக்கிறார். அவரைச் சுற்றிச் சிரிக்கும் கணங்கள்.

இதுவும் முடியவில்லை. மேலே தேர்போல ஜொலிப்பது கீழே வரவர மங்கி, அதிட்டானம் என்னும் அடித்தளம் வர வேண்டிய இடத்தில் பாறையாகவே நின்றுவிட்டது. ஊரில் இதற்கு ஒரு கதை இருக்கிறது. அப்பனும் மகனும் சிற்பிகள், இருவருக்கும் போட்டி. அப்பன் மேலே இந்தக் கோயிலை வெட்டினான், மகன் கீழே முருகன் கோயிலை வெட்டினான். மகன் முந்தி முடித்துவிட்டான். அந்தச் செய்தி தாங்காமல் அப்பன் உளியை வீச, மகன் செத்தான். அதற்குப் பிறகு அப்பன் உளியைத் தொடவில்லை. வரலாற்று ஆசிரியர்கள் இதற்குத் தலையசைக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த முரட்டு அடிப்பாகத்தைப் பார்த்து, 'ஏன் நின்றது' என்று கேட்டிருக்கிறார்கள் என்பது கதையிலிருந்து தெரிகிறது.

காலியாகக் கிடந்த கருவறையில் பின்னாளில் யாரோ ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் போனபோது அவர் தலையில் ஒரு செம்பருத்திப் பூ, அவருக்குப் பின்னால் பொளிந்த உளித்தடங்களோடு சுவர்.